உள்ளங்கைக்குத் தெரிந்த பள்ளம்

டாக்டரிடம் போகிற நாளெல்லாம் என் வீட்டுக்காரர் பெயிண்ட் கரைக்கிற தின்னரில் கை கழுவிக்கொண்டுதான் கிளம்புவார். பெயிண்ட் கறையோடு நீட்டினால் மரியாதையாக இருக்காதாம். கார் பட்டறையில் உடைந்த கண்ணாடி மணிக்கட்டைக் கிழித்து, அறுந்த நரம்பைத் தைத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. வண்டித் தகட்டில் கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தையும் தடவியே கண்டுபிடிக்கிற வலது கை அது. பட்டறையில் அவருக்குப் பெயரே 'உள்ளங்கை'. அந்தக் கை இப்போது சூடே தெரியாமல், கொதிக்கிற டம்ளரைக் கொப்புளம் வரும்வரை விடாமல் பிடித்திருந்தது.

நரம்பு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் போல வளரும், தட்டினால் சுருக்கென்று தெரிகிற இடம் விரலை நோக்கி நகரும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஒவ்வொரு முறையும் தட்டிப் பார்த்தார். அந்தச் சுருக், தையலுக்கு இரண்டு விரல்கடை தள்ளிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

அன்று கையைப் பிடித்த டாக்டரம்மா மூக்கைச் சுளித்தார்.

"என்ன வாடை இது?"

"தின்னர்மா. சுத்தமா வரணும்னுதான். தினமும் இதுலதான் கழுவுவேன்."

"பட்டறைக்கும் போறீங்களா?"

"கை ஆறிடுச்சே. இடது கையால பெயிண்ட் அடிக்கிறேன்."

"ஆறினது தோல்தான். தின்னர்ல இருக்கிற சில சமாச்சாரம் தோல் வழியாவும் மூச்சு வழியாவும் உள்ள போய், நரம்பு வளர்றதைக் கெடுக்கும். இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். நிறுத்திப் பாருங்க."

எனக்கு வந்ததே கோபம். செடிக்குத் தண்ணீர் விடுகிறேன் என்று வெந்நீரை ஊற்றியிருக்கிறார் மனுஷர். தின்னர் டப்பாவைப் பட்டறை முதலாளியிடமே திருப்பிக் கொடுத்தேன். தெருமுனையில் இருக்கும் அவருடைய உதிரிபாகக் கடையில் இவரை உட்காரவைக்கச் சொல்லிச் சண்டை பிடித்தேன். இவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனார். ஆனாலும் சோப்பால் கழுவினார். அடுத்த மாதம் சுருக் ஒரு விரல்கடை நகர்ந்தது. அதற்கடுத்த மாதம் இன்னொன்று.

ஆறேழு மாதம் கழித்து ஒரு காலை, ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்தியவர் அப்படியே நின்றார். கண்ணை மூடிக்கொண்டு வலது உள்ளங்கையை மேலிருந்து கீழே இழுத்தார்.

"இங்க ஒரு பள்ளம் இருக்கு."

"எங்க? ஒண்ணும் தெரியலையே."

"எப்ப இடிச்ச?"

கேஸ் சிலிண்டரை உருட்டியபோது இடித்தது. இந்தக் கைக்கு இனி எங்கே தெரியப்போகிறது என்று சொல்லாமல் விட்டிருந்தேன். மாட்டிக்கொண்டதில் இத்தனை சந்தோஷம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"ஜெயிச்சிட்டீங்க," என்றேன்.

"பேச்சை மாத்தாத."

கண்ணைத் திறக்கவில்லை. கை மறுபடி மேலே போய் மெதுவாக இறங்கியது. பள்ளத்தின் விளிம்பில் நின்று, அதைச் சுற்றிச் சுற்றி வந்தது.