சிரிக்க வைக்காதீங்க

என் வீட்டுக்காரர் குழாய் ரிப்பேர் செய்கிறவர். கடல் கடந்து போய் ஊரான் வீட்டுக் குழாய்களையெல்லாம் சரிபண்ணிக்கொண்டிருக்கிறார். இங்கே எனக்கு ஏழாம் மாதம். மதியச் சாப்பாட்டு இடைவேளையில்தான் கூப்பிடுவார். அந்த அழைப்பை நினைத்துக்கொண்டேதான் தையல் கம்பெனியில் காலையெல்லாம் காலர் தைத்துத் தள்ளுவேன்.

மனிதர் வாயைத் திறந்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அதில் மயங்கித்தான் கழுத்தை நீட்டினேன். இப்போது சிரித்தால் போச்சு, தும்மினாலும் போச்சு, பாவாடை நனைந்துவிடுகிறது. போன வாரம் கம்பெனி மாடிப்படியில் உட்கார்ந்து அவரோடு பேசும்போது அப்படித்தான் ஆனது. சாப்பாட்டுப் பையைப் பின்னால் பிடித்து மறைத்துக்கொண்டே மெஷினுக்குத் திரும்பினேன். அன்றிலிருந்து அவரிடம் 'ம்', 'சரி' தவிர வேறு பேச்சில்லை. அந்தக் குரலுக்கு ஏங்கிக் கிடந்துவிட்டு, அது வந்ததும் நானே சீக்கிரம் வைத்துவிடுவேன். என் தலையெழுத்து.

இன்று அதே மாடிப்படியில் உட்கார்ந்து போனை எடுத்ததும் கேட்டேவிட்டார்.

"என் வாயாடி எங்க போனா? எம்மேல கோபமா? இல்ல, நான் வேண்டாம்னு ஆயிடுச்சா?"

அதைக் கேட்ட பிறகு மானமாவது ஒன்றாவது.

"ஒழுகுதுங்க."

"எங்க, சமையல்கட்டுலயா? இதுக்கா உம்முனு இருந்த? வாஷர் தளர்ந்திருக்கும். மெயின் வால்வை மூடிட்டு நல்லா இறுக்கு. சொட்டுதா, ஊத்துதா?"

ஆஸ்பத்திரி நர்ஸம்மாவும் அதையேதான் சொல்லியிருந்தார். "நிறைய பேருக்கு வர்றதுதாம்மா. அடக்கிக்கிற மாதிரி இறுக்கிப் பிடி, அப்புறம் விடு. தினமும் செய்." இரண்டு பேர் குரலும் ஒன்றாகக் காதில் விழ, குபீரென்று சிரித்துவிட்டேன். நனைந்தும் விட்டேன்.

"குழாய் இல்லைங்க, நான்! வயித்துல பிள்ளை அழுத்துது. நீங்க சிரிக்க வச்சா அடக்க முடியல. அதான் பேசல."

விழுந்து விழுந்து சிரிப்பார் என்று நினைத்தேன். மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது.

"எவன் வீட்டுல ஒழுகினாலும் ஓடுறேன். உனக்கு மாத்துத் துணி எடுத்துக் குடுக்கப் பக்கத்துல இல்லையே."

அந்த நிமிஷமே அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. படிக்கட்டின் கைப்பிடியைத்தான் பிடித்துக்கொண்டேன்.

"துணியை நான் எடுத்துக்குறேன். நாளைக்கு ரெண்டு பாவாடை கொண்டு வரேன்" என்றேன். "நீங்க சிரிக்க வைங்க."