கிலுகிலுப்பை வண்டி

எட்டு மாதம் அண்ணனோடு மல்லுக்கட்டி வாங்கிய புது டிரெய்லர், வந்த ஒன்பதாம் நாளே வெல்டிங் பட்டறையில் நின்றது. அவளிடம் யாரும் சொல்லவில்லை. டிரைவர் ஒருவன் போனில் வாய்தவறிக் கேட்டான்: "புது வண்டிக்குக் கம்பம் ஒட்டறாங்களே, அது முடிஞ்சதும் என் வண்டியையும் பட்டறைக்கு விடலாமா ரேடியோக்கா?"

ரேடியோ என்பது டிரைவர்கள் வைத்த பெயர். காலையிலிருந்து இரவுவரை போனைக் காதை விட்டு எடுக்காமல் ஏழு லாரிகளுக்கும் லோடு பிடிப்பவள் அவள்தான். கம்பெனி அண்ணனுடையது. லோடு, வழி, டிரைவர், டிரைவரின் மாமியார் சண்டை எல்லாம் அவளுடையது.

அவர்களுடைய லாரிகள் மில்லிலிருந்து மாவு மூட்டை ஏற்றிப் போகும், இறக்கிவிட்டு, அவள் எங்காவது சில்லறை லோடு பிடித்துத் தராவிட்டால், அறுநூறு கிலோமீட்டர் காலியாகத் திரும்பும். காலி வண்டி டீசல் குடிக்காதா, டயர் தேயாதா? வருகிற வழியில்தான் குழாய்த் தொழிற்சாலை இருக்கிறது, ஏற்ற வண்டியில்லாமல் தவிக்கிறது. ஆனால் மூட்டைக்குச் சுற்றிலும் தடுப்பும் தார்ப்பாயும் வேண்டும். நீளக் குழாய்க்கோ பக்கவாட்டில் திறந்த தரை வேண்டும், ஃபோர்க்லிஃப்ட் பக்கத்திலிருந்துதான் ஏற்றும். இரண்டுக்கும் பொருந்துகிற வண்டியை அவள் தேடிப் பிடித்தாள். பக்கத்துக்கு ஆறு கம்பம். குழியில் செருகிப் பலகை கோத்தால் தடுப்பு, உருவிப் போட்டால் வெறும் தரை.

"முதல் குழாய் லோடைப் பிடிச்சுக் காட்டு. அடுத்து வாங்கற ரெண்டு டிரெய்லரும் உன் இஷ்டம்" என்று அண்ணன் சாப்பாட்டு மேசையில் வாக்குக் கொடுத்திருந்தான். தொழிற்சாலை மேலாளர் அன்று பன்னிரண்டு மணிக்கு வண்டியைப் பார்க்க வருவதாக இருந்தது.

அவள் பட்டறைக்குள் நுழைந்தபோது மணி பத்து. அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். வெல்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

"என்ன பண்ணி வச்சிருக்கே?"

"ஆட்டிப் பாரு" என்றான் அண்ணன் பெருமையாக. "அசையுதா? நேத்து நானே ஓட்டிப் பார்த்தேன். கிலுகிலுப்பை மாதிரி பன்னெண்டு கம்பமும் கலகலன்னு ஆடுது. வண்டின்னா சத்தம் வரக்கூடாது. அதான் குழியோட சேர்த்து ஒட்டச் சொல்லிட்டேன்."

இருபது வருடம் லாரி ஓட்டியவன் அவன். இன்ஜினில் ஒரு திருகாணி தளர்ந்தாலும் தூக்கத்தில் எழுந்து உட்காருவான். அந்தக் காதுதான் அவர்களுக்குச் சோறு போட்டது, அதே காதுதான் இப்போது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியிருந்தது.

"கழட்டறதுக்காகத்தானே இதை வாங்கினோம்! கழட்ட முடியலைன்னா குழாயை எங்கே ஏத்தறது, உன் தலையிலயா?"

"மேல இருந்து கிரேன்ல எறக்கச் சொல்லு."

"அவங்ககிட்ட கிரேனே இல்லைன்னு நாலு தடவை சொன்னேன்."

"என்கிட்ட சொன்னியா?"

அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் அதற்கும் ஏதாவது சொல்வான் என்பதால் வெல்டர் பக்கம் திரும்பினாள். "எத்தனை ஒட்டியிருக்கே?"

"பதினொண்ணு. இடது பக்கம் கடைசி ஒண்ணுதான் பாக்கி."

"பிரிக்க முடியுமா?"

"ஒட்டின இடத்தை மட்டும் கட்டிங் மெஷின்ல தேய்ச்சு எடுக்கணும். குழி கெடாம எடுக்கணும்னா ஒண்ணுக்கு இருபது நிமிஷம்."

பன்னிரண்டு மணிக்குள் ஐந்தோ ஆறோதான் தேறும். அவள் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தாள். தொழிற்சாலை முற்றம் அவளுக்கு மனப்பாடம். ஒரு பக்கம் மதில், மறு பக்கம் ஃபோர்க்லிஃப்ட். வண்டியின் வலது பக்கம் மதிலை ஒட்டித்தான் நிற்கும், இடது பக்கம் திறந்தால் போதும்.

"வலது பக்கத்தைத் தொடாதே. இடது பக்கம் அஞ்சையும் எடு. இப்பவே."

"காசு குடுத்து ஒட்டினதைக் காசு குடுத்துப் பிரிக்கணுமா?" என்றான் அண்ணன். அவள் மேலாளருக்குப் போன் போட்டுப் பட்டறைக்கே வரச் சொன்னாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவனிடம் நாலாவது காலைப் பற்றிப் பேசி என்ன பயன்?

ஐந்தாவது கம்பம் கழன்று தரையில் விழுந்தபோது மேலாளரின் கார் வாசலில் நின்றது. மனிதர் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். இடது பக்கக் கம்பம் ஒன்றைத் தானே செருகினார், உருவினார். பிறகு வலது பக்கம் போய் ஒட்டியிருந்த கம்பத்தை உலுக்கினார்.

"இந்தப் பக்கம் ஏன் வெல்டு?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான். "குழாய் உருண்டு வந்து முட்டினா தாங்கணும்ல சார்? அதுக்குத்தான் ஒரு பக்கத்தை நிரந்தரமா ஒட்டியிருக்கோம்."

"நல்ல யோசனை. யாரோடது?"

"என்னோடதுதான் சார்."

வெல்டருக்குத் திடீரென்று இருமல் வந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தவன், உடைந்த தாழிக்குப் பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தான். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் லோடு முக்கியம், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். திங்கட்கிழமை முதல் லோடு என்று சொல்லிவிட்டு மேலாளர் கிளம்பினார்.

"பார்த்தியா?" என்றான் அண்ணன், கார் தெருமுனை திரும்புவதற்குள். "அனுபவம்னா இதான். அடுத்த ரெண்டு டிரெய்லரையும் நானே பார்த்து வாங்கிடறேன். இந்த இரும்பு விவகாரமெல்லாம் உனக்கு எதுக்கு?"

அவள் தன் போனை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"அப்ப லோடையும் நீயே பார்த்துக்கோ."

சொல்லி வைத்தாற்போல் போன் அடித்தது. அண்ணன் பழக்கமில்லாமல் எதையோ அழுத்த, டிரைவரின் குரல் ஸ்பீக்கரில் பட்டறை முழுக்கக் கேட்டது. "ரேடியோக்கா, மூட்டை எறக்கியாச்சு. திரும்பி வர என்ன லோடு? யாரைப் பார்க்கணும்? எந்த கேட்?"

அண்ணன் போனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "என்ன சொல்றது?" என்று வாயசைத்தான்.

"எனக்கென்ன தெரியும்? நான்தான் அனுபவமில்லாதவளாச்சே."

"அலோ? காலியாவே கிளம்பிடவாக்கா?" என்றது போன்.

"இருடா, ரேடியோகிட்டயே குடுக்கறேன்" என்று அண்ணன் போனை நீட்டினான். அவள் கையை நீட்டவில்லை.

"அடுத்த ரெண்டு டிரெய்லர்?"

"உன் இஷ்டம்தான்" என்று முணுமுணுத்தான்.

"சத்தமா சொல்லு. அவனும் கேக்கட்டும்."

ஒரு டிரைவர் கேட்டால் சாயங்காலத்துக்குள் ஏழு பேரும் கேட்ட மாதிரி. அது அண்ணனுக்கும் தெரியும்.

"அடுத்த ரெண்டு டிரெய்லரும் உன் இஷ்டம்" என்று கத்தினான். "போதுமா?"

"கம்பத்தை ஒட்ட மாட்டேன்னும் சொல்லு."

"ஒட்ட மாட்டேன் தாயே!"

அவள் போனை வாங்கிக் காதில் வைத்தாள். "அங்கேயே நில்லு. பத்து நிமிஷத்துல சொல்றேன். காலியா மட்டும் கிளம்பிடாதே."