பக்கத்து வீட்டுக்காரியின் கட்டி

1

வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். இது என் முதல் கதை. மருத்துவமனை வராந்தா ஒன்றில் நான் கண்ணயர்ந்திருந்தபோது, "எனக்கில்லீங்க, பக்கத்து வீட்டுக்காரிக்கு" என்று ஒரு பெண்குரல் கேட்டது. விழித்தபோது எவருமில்லை. அக்குரலுக்கு ஒரு முகம் தேடவே எழுதத் துணிந்தேன்.

2

காலை வெயில் நோயைப்போல— [அடித்துவிட்டேன். வெயில் என்ன பாவம் செய்தது?]

மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்கள் ஏன் காலந்தாழ்த்தி மருத்துவரிடம் வருகிறார்கள் என்று ஆராயும் சமூகவியல் ஆய்வாளர், தையல்காரியின் முன்னறையில் அமர்ந்திருந்தார். நாத்தனாரும் வந்து ஒட்டிக்கொண்டாள். அவ்வாறு ஒட்டிக்கொள்பவரை எழுந்துபோகச் செய்ய ஆய்வாளரிடம் ஓர் உத்தி உண்டு: சலிப்பூட்டும் கேள்விகளை முதலில் கேட்பது.

"சமையலறை சன்னல் எந்தப் பக்கம்? திறந்தா காத்து வருமா?"

"இதுக்கா மேடம் இவ்வளவு படிச்சீங்க? அண்ணி, நீங்களே பதில் சொல்லுங்க. நான் துணி காயப்போடணும்."

அவள் போனபின் தையல்காரி குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல மேடம். பக்கத்து வீட்டுக்காரிக்குத்தான் மார்புல கட்டி மாதிரி இருக்கு."

இத்தகைய வேளையில் "நீங்களா?" என்று கேட்கலாகாது, கேட்டால் கதவு அடைத்துக்கொள்ளும். ஆய்வாளர் அறிவார்.

"வீட்டுல சொன்னாங்களா அவங்க?"

"சொன்னா மகளுக்கு வந்த சம்பந்தம் நின்னுடுமே. வலியும் இல்லையாம். கல்யாணம் முடியட்டும்னு இருக்கா."

"வலிக்கலைன்னு தள்ளிப்போட வேண்டாம்னு சொல்லுங்க. புதன்கிழமை ஆஸ்பத்திரியில லேடி டாக்டர் இருப்பாங்க. நான் வாசல்லயே நிப்பேன், கூட்டிட்டு வாங்க."

"வருவாளான்னு தெரியல. என்னைவிடப் பயந்தாங்கொள்ளி."

ஆய்வாளர் சன்னல்வழியே பார்த்தார். பக்கத்து மனையில் வீடே இல்லை. இடுப்பளவுப் புல், காற்றில் மெல்லப் புரண்டுகொண்டிருந்தது.*

* ஒரே வாக்கியத்தில் அங்கொரு வீடு கட்டி, கட்டியையும் அவ்வீட்டுக்கே அனுப்பிவிடலாமா என்று எண்ணினேன். கை எழவில்லை.

3

முதல் முடிவு: இருவரும் வருகிறார்கள்— [இரண்டாமவள் எங்கிருந்து?]

மற்றொன்று: "அவ வரல மேடம். நான்தான் வந்திருக்கேன்." எழுதிவிட்டு நெடுநேரம் மகிழ்ந்திருந்தேன். பிறகு, அது என் ஆசை மட்டுமே என்று தோன்றியது.

திருமணம் முடிந்தபின் வருவதாக ஒரு முடிவும் உண்டு. அதனை எழுத என்னைப் பணிக்காதீர்கள்.

4

ஆகையால், புதன்கிழமை காலையில் ஆய்வாளரை மருத்துவமனை வாசலில் நிற்கவைத்து விலகுகிறேன். பனி இன்னும் விலகவில்லை. தெருமுனையில் ஒரு பெண்ணுருவம் சற்று நடக்கிறது; நிற்கிறது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறது. ஆய்வாளர் இன்னும் பார்க்கவில்லை. எனக்கோ அழைக்கத் துணிவில்லை.

வாசகரே, தாங்கள் அழைப்பதானால், அருள்கூர்ந்து மெல்ல அழையுங்கள். திரும்பிப் போய்விடக்கூடும்.