வசனம் மேடம்

பதினொரு படங்களுக்கு வசனம் எழுதியவள், பன்னிரண்டாவதைத் தானே இயக்கிக்கொண்டிருந்தாள். யூனிட்டில் முகத்துக்கு நேரே "டைரக்டர்" என்பார்கள். முதுகுக்குப் பின்னால் "வசனம் மேடம்". அது அவள் காதில் விழாமலும் இல்லை. விழுந்தால் விழட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஆனால் நான்காம் நாள் காலையில் தயாரிப்பாளர் சொன்னதை அப்படி விட முடியவில்லை. மூன்று நாள் எடுத்ததைப் போட்டுப் பார்த்துவிட்டு நேரே செட்டுக்கு வந்திருந்தார் மனிதர்.

"வசனமெல்லாம் பிரமாதம்மா. படம்தான் எங்க இருக்குன்னு தெரியல. இன்னிக்கு அந்த அம்மா, பொண்ணு சீன் சரியா வரலேன்னா நாளையிலேர்ந்து வேற டைரக்டர். பேசி வெச்சாச்சு. கதை, வசனம்னு உங்க பேரு இருக்கும், கவலைப்படாதீங்க."

கதை, வசனம்! பதினைந்து வருஷம் அந்த இரண்டு சொல்லுக்குள்ளேயே குடியிருந்தாயிற்று. திரும்ப அங்கே போவதாக அவளுக்கு உத்தேசமே இல்லை.

வேறு ஊருக்கு வேலைக்குப் போகும் மகளை, அம்மா வாசலில் நின்று வழியனுப்பும் காட்சி. இரண்டு பக்க வசனம். எட்டு மாதம் உட்கார்ந்து செதுக்கியது. முதல் டேக் முடிந்ததும் "ஓகே!" என்றாள்.

கேமராமேன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "கோச்சுக்காதீங்க. டேக் முழுக்க கண்ணை மூடிக்கிட்டு இருந்தீங்க."

"நானா?"

"மூணு நாளா அப்படித்தான். யாராவது ஒரு வார்த்தையை முழுங்கினா மட்டும் திறப்பீங்க."

வெட்கம் பிடுங்கித் தின்றது. இத்தனை நாள் காதால் படம் எடுத்திருக்கிறாள்! சப்பைக்கட்டு கட்ட வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள். ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.

"எடுத்ததைத் திரும்பப் போடுங்க. சத்தம் வேண்டாம்."

மானிட்டரில் அம்மாவின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. தைரியமாகப் போ, நான் இருக்கிறேன் என்று அவள் எழுதிக்கொடுத்ததெல்லாம் ஊமையாக ஓடியது. அப்போதுதான் கையைப் பார்த்தாள். யாரும் சொல்லித்தராமலே அந்த நடிகை கதவுத் தாழ்ப்பாளைப் பிடித்திருந்தார். கடைசிவரை விடவில்லை.

'அடிப்பாவி, இதைப் பார்க்காமலா ஓகே சொன்னே?' என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பேனாவை எடுத்து இரண்டு பக்கத்தையும் குறுக்கே அடித்தாள். வலிக்கத்தான் செய்தது. அடித்த கையோடு நடிகையிடம் போனாள்.

"அக்கா, ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். பொண்ணு வந்து உங்க கையைப் பிரிக்கிறவரைக்கும் தாழ்ப்பாளை விடாதீங்க."

இந்த முறை அவள் கண்ணை எடுக்கவில்லை. மகள் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கடைசி விரலும் பிரிந்த பிறகுதான் இவள் "கட்" சொன்னாள்.

தயாரிப்பாளர் அதை இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, "நாளைக்கு நீங்க வர வேண்டாம் சார்," என்று யாரிடமோ சொல்லிவிட்டு, அடித்திருந்த தாள்களைப் புரட்டினார்.

"நல்லா இருந்துச்சேம்மா இது. எழுதினவங்களுக்கு வருத்தமா இருக்காதா?"

"இருக்கும் சார். அவங்களை நான் பாத்துக்கறேன்."