நிழற்குடைக்குள் குடை

வெள்ளிமலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து, வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கள்ளக்குறிச்சி கோர்ட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோதே செழியன் முடிவு செய்திருந்தான். இது பதினோராவது வாய்தா. இன்றைக்கு மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். மானம் போகும்தான், மாதத்துக்கு ஒரு நாள் மிஞ்சுமே.

அவன் செய்த குற்றம் இரண்டு வரி. ஊர் முனையில் கட்டிய பஸ் நிழற்குடையைப் பற்றி, "கட்டி மூணு மாசத்துல ஒழுகுது. இது நிழற்குடை இல்ல, சல்லடை" என்று முகநூலில் எழுதினான். நாற்பத்தொரு பேர் சிரித்தார்கள். நாற்பத்திரண்டாவதாகப் படித்தவர் அதைக் கட்டிய ஒப்பந்ததாரர் நாராயணசாமி. சிரிக்காமல் அவதூறு வழக்குப் போட்டார். மறுவாரமே கூரைக்குத் தாரும் பூசினார்.

"சல்லடைன்றது உன் கருத்து. பொதுக் காரியத்தைப் பத்தி நல்லெண்ணத்தோட இன்னா கருத்து வேணா சொல்லலாம்" என்றார் வக்கீல் கோகிலவாணி, பதினோராவது முறையாக. "ஆனா ஒழுகுதுன்றது சேதி. சேதி பொய்யின்னா கருத்தும் கூடவே வுழுந்துடும்."

"ஒழுகிச்சு மேடம்."

"எனக்குத் தெரியும். கோர்ட்டுக்குத் தெரியணும். போட்டோவுல தரைதான் ஈரமா இருக்குது."

நாராயணசாமி கடிதத்தோடு பேனாவையும் நீட்டினார். "போடு தம்பி. மத்தியான பஸ்ஸுக்கே வூட்டுக்குப் போயிடலாம்."

"சாட்சி முடியட்டுங்க. மாயவன் மாமா சாமை விதைப்ப வுட்டுட்டு வந்திருக்காரு" என்று இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டான் செழியன்.

மாயவன் கூண்டில் ஏறினார். மழைக்கு நிழற்குடை ஒழுகியதைப் பார்த்ததாகச் சொன்னார். நாராயணசாமியின் வக்கீல் வீரமணி குறுக்கு விசாரணைக்கு எழுந்தார்.

"அன்னிக்கு மழை பெய்யசொல்ல நீங்க நிழற்குடைக்குள்ள இருந்தீங்களா?"

"இருந்தேங்க."

"எவ்ளோ நேரம்?"

"பஸ் வர்ற வரைக்கும். ரெண்டு மணி நேரம் ஆவும்."

"நனைஞ்சீங்களா?"

"இல்லீங்க. ஒரு சொட்டுகூட மேல படல."

வீரமணி வேறெதுவும் கேட்கவில்லை. கல்யாணப் பந்தியில் பாயசம் வரை சாப்பிட்டவர் மாதிரி உட்கார்ந்தார். செழியன் பேனா மூடியைக் கழற்றினான். கோகிலவாணி மறு விசாரணைக்கு எழுந்தார்.

"ரெண்டு மணி நேரம் எப்பிடி நனையாம இருந்தீங்க?"

"குடை புடிச்சிக்கினு இருந்தேங்க."

"நிழற்குடைக்குள்ளயா?"

"ஆமாங்க. எல்லாருந்தான் புடிச்சிக்கினு இருந்தோம்."

"எதுக்கு?"

மாயவன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். படித்த பெண், இது தெரியவில்லையே. "ஒழுகுதில்லீங்களா."

தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண்ணின் விரல் நின்று, பிறகு ஓடியது. நடுவர் தலை நிமிரவில்லை. தோள் மட்டும் ஒருமுறை குலுங்கியது.

"சல்லடைன்னு எழுதுனது?" என்று வீரமணி பாதி எழுந்தார்.

"அது அவர் கருத்து. உட்காருங்க" என்றார் நடுவர். "வாதத்துக்கு அடுத்த மாசம் பத்தொன்பது."

வெளியே வந்ததும் கடிதத்தையும் பேனாவையும் நாராயணசாமியிடம் திருப்பிக் கொடுத்தான் செழியன். ஜெயித்தவன் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. தூக்கமாக வந்தது.

"இன்னும் எத்தினி வாய்தா மேடம்?"

"வாதம், தீர்ப்பு. ரெண்டு மூணுல முடியும். அப்புறம் அவங்க அப்பீல் போனா..."

"அதச் சொல்லாதீங்க மேடம்" என்றான் செழியன். "பஸ் ஏறணும்."