கல்யாணக் கட்டில்

கடைக் கதவை இழுத்துச் சாத்தப்போன நீவெஸை வெளியிலிருந்து ஒரு கை தடுத்தது. தோளில் கயிற்றுச் சுருளும் அக்குளில் பழைய கம்பளியுமாக நின்றார் ராவென்னா ஊர் வியாபாரி பல்தஸ்ஸாரி. அரெட்ஸோவின் பழம்பொருள் சந்தைக்கு மாதம் தவறாமல் வருகிறவர்.

"ஏம்மா, சந்தை நாளும் அதுவுமா கடையைச் சாத்துற? அப்பா எங்க?"

"அப்பா இறந்துட்டாரு. இன்னிக்கு விடிகாலைல."

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, அதை என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தார். "அடக் கடவுளே... நான் கட்டிலை எடுத்துட்டுப் போக வந்தேன். போன சந்தையிலயே கை குடுத்துப் பேசி முடிச்சோம். மாடியில இருக்கே, அந்த அக்ரூட் மரக் கட்டில்."

பழம்பொருள் விற்கும் அந்த வீட்டில் எந்தப் பொருளும் நிலைத்ததில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மேசை விலைபோன கதையெல்லாம் உண்டு. அம்மா செலிந்தா ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டாள். கல்யாணக் கட்டிலை மட்டும் விற்கவே மாட்டேன் என்று அப்பா துயிலியோ அவளுக்குச் சத்தியம் செய்திருந்தார். இப்போது அதன்மேல்தான் கோட்டும் டையுமாகக் கிடக்கிறார். அம்மாவுக்கு இது தெரியக்கூடாது. இன்றைக்காவது தெரியக்கூடாது.

"யாருடி அது?" மாடியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "துக்கத்துக்கு வந்தவங்கள வாசல்ல நிக்க வைக்காத. மேல அனுப்பு."

"கயித்த இங்கயே போடுங்க" என்று நீவெஸ் கிசுகிசுத்தாள். "கட்டிலைப் பத்தி மூச்சு விடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மேலே போன மனிதர் வாயைக் கட்டிக்கொண்டார். அம்மாவின் இரு கன்னத்திலும் முத்தமிட்டார். சிலுவை போட்டுக்கொண்டு, "தங்கமான மனுஷன்" என்றார். கைதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. தலைமாட்டுச் செதுக்கலைத் தடவிக்கொண்டே இறங்கி, பலகை சேரும் இடத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தது. செத்தவர் முகத்தை அவர் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

அம்மா அந்தக் கையையே பார்த்தாள். நீவெஸ் காபி போடட்டுமா என்று ஏதோ உளறினாள்.

"பின்னங்கால் ரெண்டும் புதுசு" என்றாள் அம்மா சாவகாசமாக. "பழசு உளுத்துப்போச்சு. இவரே கால் செஞ்சு, சாயம் ஏத்தி மாட்டினாரு. உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டாரே?"

நகம் நின்றது. "இல்லம்மா... சொல்லல."

"சொல்ல மாட்டாரு. தங்கமான மனுஷனாச்சே."

பல்தஸ்ஸாரி கம்பளியோடும் கயிற்றோடும் தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு நீவெஸ் மாடிக்கு வந்தாள். கட்டிலடியில் குனிந்து பார்த்தாள். நான்கு கால்களும் ஒரே மரம், ஒரே பழமை. பழைய தச்சனின் உளித்தடம் பின்னங்கால்களிலும் அப்படியே இருந்தது.

"அப்பாவுக்கு ஏதாவது நெருக்கடி..." என்று ஆரம்பித்தாள் நீவெஸ். விடிகாலையில் வராத அழுகை இப்போது ஆத்திரத்தோடு சேர்ந்து வந்தது.

அம்மா நாற்காலியை விட்டு எழுந்தாள். துயிலியோவின் டை சற்று விலகியிருந்தது. அதை நேராக்கி, முடிச்சை மேலே தள்ளினாள். பிறகு இன்னும் கொஞ்சம் இறுக்கினாள்.