விஜயகுமாரியை ஜெயித்தவர்கள்

இருபத்திரண்டு வருடமாக ஆம்பூரில் தோல் தரம் பிரிக்கிறவன் நான். மேசைமேல் தோலை விரிப்பார்கள். ஒரு பார்வை பார்த்து ஒன்றாம் தரம், இரண்டாம் தரம் என்று சொல்லிவிடுவேன். என் தீர்ப்புக்கு எங்கள் கம்பெனியில் அப்பீல் கிடையாது. அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி என்று என் மனைவி மஹ்பூபி சொல்வாள். அந்தத் திமிரில்தான் விஜயகுமாரி விஷயத்தில் ஊர் பார்க்க மூக்குடைபட்டேன்.

விஜயகுமாரியைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை பார்க்கிறவள். பதினேழு வருடம் அறுபது கிலோ பிரிவில் குத்துச்சண்டை போட்டாள். ஒன்பது முறை மாநில சாம்பியன், இரண்டு முறை தேசியப் போட்டியில் தங்கம். எழுபத்து மூன்று சண்டையில் அறுபத்தாறு ஜெயம். எங்கள் ஊர்க் குத்துச்சண்டைச் சங்கத்தில் அவளைப் போல இன்னொருத்தர் வந்ததே இல்லை. மீதி ஏழில் இரண்டு தோல்வி ஆரம்ப காலத்தில் வந்தது. ஐந்து கடைசி மூன்று வருடத்தில் வரிசையாக வந்தது. அந்த ஐந்துதான் தகராறு.

போன வருடம், முப்பத்தெட்டு வயதில், போதும் என்று கையுறையைக் கழற்றினாள். இந்த வருடம் சங்கத்துக்குச் சொந்த இடம் கிடைத்தது. பூட்டிக் கிடந்த தன் தோல் கிடங்கை அப்துல் சமத் ஹாஜியார் எங்களுக்கு எழுதிக் கொடுத்தார். வாடை போக நாலு முறை கழுவி, நடுவில் ரிங் கட்டினோம். வாசலில் யார் பெயரை எழுதுவது? விஜயகுமாரி பெயர்தான் என்று சங்கச் செயலாளரான நான் சொன்னேன். கூடாது என்றார் தலைவர் ஜான்சன் மாஸ்டர்.

மாஸ்டர் அவளுக்கு விரோதி இல்லை. பதினான்கு வருடம் தண்ணீர் பாட்டிலும் துண்டுமாக அவள் பக்கத்தில் நின்ற பயிற்சியாளர். அந்த ஐந்தில் முதல் தோல்வி வந்ததுமே, "போதும், நிறுத்திடு" என்றார். அவள் கேட்கவில்லை. அன்றிலிருந்து மாஸ்டர் அவளோடு சண்டைக்கு வருவதில்லை.

"உச்சத்துல இருக்கும்போதே எறங்கியிருந்தா நானே பேர எழுதியிருப்பேன்" என்றார் கமிட்டியில். "இப்ப இன்னா இருக்கு? போன்ல அவ பேர தட்டுனா, நெமிலி பொண்ணு அடிச்சி இவ கீழ விழுந்த வீடியோதான் மொதல்ல வருது. விழுந்தவ பேரயா வாசல்ல எழுதுவாங்க?"

"அப்போ அறுபத்தாறு ஜெயம் எங்க போச்சி மாஸ்டர்?"

"ஜனங்களுக்குக் கடைசியாப் பாத்ததுதான் ஞாபகம் இருக்கும் பாய்."

பேச்சு முற்றிவிட்டது. திறப்பு விழா அன்று உறுப்பினர்கள் கை தூக்கி முடிவு செய்யட்டும் என்று விட்டோம். விஜயகுமாரியைக் கழித்துவிட்டு அறுபத்திரண்டு பேர். அவர்களில் பாதிப் பேர் மாஸ்டரிடம் குத்துச்சண்டை பழகியவர்கள். அவள் பெயர் தோற்றுவிடுமோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம்.

அந்தப் பயத்தில் தொழில் புத்தி வேலை செய்தது. தோலுக்குத் தரம் பார்க்கும்போது நடு முதுகைத்தான் பார்ப்போம். கால் பக்கமும் வயிற்றுப் பக்கமும் கிழிசலும் தொளதொளப்புமாக இருக்கும். அதைக் கத்தியால் சீவித் தள்ளிவிடுவோம். ஓரம் வெட்டுவது என்று அதற்குப் பெயர். அதற்காக எந்த வியாபாரியும் எங்களைத் திருடன் என்று சொன்னதில்லை. விஜயகுமாரிக்கும் அதையே செய்தேன். எட்டடிப் பலகையில் நீல பெயின்டால் என் கையாலேயே எழுதினேன்: விஜயகுமாரி, சண்டை 68, ஜெயம் 66, தோல்வி 2. இதைப் படிக்கிறவன் கை தானாக மேலே போகும் என்று நம்பினேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கம்பெனிகளுக்கு லீவு என்பதால் விழாவை ஞாயிற்றுக்கிழமை வைத்தோம். சர்ச்சில் ஆராதனை முடிந்து மாஸ்டர் வெள்ளைச் சட்டையோடு நேராக வந்தார். அவருக்கு முன்னாலேயே நெமிலியிலிருந்து இரண்டு பேர் வந்து பலகை எதிரில் நின்றிருந்தார்கள். ஒருத்தி பாரதி, வீடியோவில் விஜயகுமாரியைக் கீழே தள்ளிய அதே பெண். இன்னொருவர் அவளுடைய அப்பா சின்னசாமி, விவசாயி. விஜயகுமாரியே அவர்களுக்குப் போன் போட்டுக் கூப்பிட்டிருக்கிறாள். எனக்கு அது தெரியாது.

சின்னசாமி விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். "எம்மா, உன் சண்ட இதுல இல்லியே?" என்றார்.

பாரதியின் முகம் சுருங்கிவிட்டது. என்னிடம் வந்து, "சார், போன வருஷ ஃபைனல் எங்க சார்?" என்று கேட்டாள்.

"அதும்மா... எடம் பத்தல" என்றேன். பலகையில் பாதிக்குமேல் காலியாக இருந்தது.

பின்னாலிருந்து மாஸ்டர் சிரித்தார். "பாத்தியா பாய்? நீயே வெக்கப்பட்டு மறைச்சிருக்க. நான் வாய் தொறந்து சொன்னா மட்டும் தப்பா?"

கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. எனக்குக் காது சுட்டது. மாஸ்டர் கெடுக்கப் பார்த்ததை நானே கெடுத்துக் கொடுத்துவிட்டேன். அவருக்கு இனி ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டிய அவசியம் இல்லை.

அப்போதுதான் விஜயகுமாரி வந்தாள். பலகையைப் படித்தாள். "யாரு எழுதுனது?"

"நான்தான் விஜயா. ஓரத்த மட்டும் வெட்டுனேன். உனக்காகத்தான்."

"ஓரமா?" அவள் குரல் கிடங்கு முழுக்கக் கேட்டது. "தெனம் தோல் தைக்கறவகிட்ட கத சொல்றீங்களா? முள்ளு கீறுன தழும்பு இருந்தா அது நெஜத் தோலு. தழும்பே இல்லாம வழவழன்னு இருந்தா அது ரெக்சின். என்னப் போயி ரெக்சின் ஆக்கிட்டீங்களே பாய்!"

எல்லோரும் சிரித்தார்கள். தரம் பிரிக்கிறவனுக்கு இதைவிட அவமானம் வேறு இல்லை. ஆனால் அவள் சொன்னது சரி, அதுதான் இன்னும் வலித்தது.

அவள் மாஸ்டர் பக்கம் திரும்பினாள். "நிறுத்துன்னு சொன்னீங்க, நான் கேக்கல. ஏன் கேக்கலன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா? எனக்கு சண்ட புடிக்கும் மாஸ்டர். ஜெயிக்கறது மட்டும் புடிச்சிருந்தா முப்பத்தஞ்சிலயே வூட்டுக்குப் போயிருப்பேன். தோத்த அஞ்சுல ஒண்ணுலகூட நான் பாதியில எறங்கல."

மாஸ்டர் அசையவில்லை. "ஜெயிச்ச பொண்ணு இங்கதான் நிக்குது. விழுந்தவ பேர வாசல்ல எழுதலாமான்னு அதுவே சொல்லட்டும்" என்றார். சின்னப் பெண், கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்துகொள்ளும் என்று நினைத்திருப்பார்.

பாரதி குனியவில்லை. "சார், எங்கிட்ட மூணு தங்கம் இருக்கு. எங்க ஊர்ல ஒருத்தரும் அதப் பத்திக் கேக்கறதில்ல. எங்கப்பா பஸ்ல பக்கத்துல ஒக்காந்த ஆளுகிட்டகூட, 'எம் பொண்ணு விஜயகுமாரிய ஜெயிச்சவ'ன்னுதான் சொல்வாரு. இன்னிக்கு ஆம்பூர் வர்றதுக்குள்ள மூணு பேர்கிட்ட சொல்ட்டாரு."

"நாலு பேரு" என்றார் சின்னசாமி.

"அக்கா சின்ன ஆளுன்னா, நான் அப்ப யார சார் ஜெயிச்சேன்? அக்கா விழுந்தாங்க, நெஜம்தான். ரெஃப்ரி எட்டு எண்றதுக்குள்ள எழுந்துட்டாங்க. அதுக்கப்புறம் ரெண்டு நிமிஷம் நான் வாங்குன அடி எனக்குத்தான் தெரியும். அந்த வீடியோவ யாரும் அதுவரைக்கும் பாக்கறதே இல்ல சார்."

பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். வெட்கத்தை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே போய் பெயின்ட் டப்பாவை எடுத்து வந்தேன். 68ஐ அழித்து 73 என்று எழுதினேன். 2ஐ அழித்து 7 என்று எழுதினேன். அதன் கீழே 'ஜெயித்தவர்கள்' என்று ஒரு தலைப்புப் போட்டேன். விஜயகுமாரி ஏழு பெயரையும் ஊரோடு, வருடத்தோடு சொன்னாள். ஒன்றிலும் தடுமாறவில்லை. கடைசிப் பெயரை எழுதும்போது சின்னசாமி பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப கை தூக்குங்க" என்றேன்.

கைகள் மேலே போயின. இரண்டு தடவை எண்ணினேன். அறுபத்தொன்று. கிடங்குத் தகரம் அதிர்கிற மாதிரி சத்தம் போட்டார்கள். பாரதிதான் விஜயகுமாரியை முதலில் தூக்கினாள். அப்புறம் எத்தனை பேர் தூக்கினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தூக்காத ஒரு கை மாஸ்டருடையது. விஜயகுமாரி எல்லோர் தலைக்கும் மேலிருந்து அதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா மாஸ்டர்?"

"நான் சொன்னது சொன்னதுதான். முப்பத்தஞ்சில நிறுத்தியிருக்கணும்" என்றார் மாஸ்டர். ஆனால் குரலில் பழைய வீம்பு கம்மியாகத்தான் இருந்தது.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "பாய், ஏழ எட்டாக்குங்க. இந்த மனுஷன மட்டும் என்னால ஜெயிக்க முடியல. கீழ அவரு பேரையும் எழுதுங்க."

எழுதினேன். மாஸ்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்தில் வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தார்.

வாசலில் இப்போது விஜயகுமாரி குத்துச்சண்டைக் கூடம் என்று எழுதியிருக்கிறது. வெளியூரிலிருந்து யார் வந்தாலும் மாஸ்டர் முதலில் அவர்களைப் பலகைக்குக் கூட்டிப்போகிறார். கடைசி வரியில் விரலை வைத்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்கிறார்: "விஜயகுமாரிய ஜெயிச்சவங்க மொத்தமே எட்டுப் பேருதான். அதுல நானும் ஒருத்தன்."